எட்டு சைஸ் பூட்ஸ்

நம் கால்பந்து கிளப்பில் ஜெர்சி, பூட்ஸ் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்த கிட்மேன்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச்சு வராது. படிப்பும் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்து கொஞ்சம் வரும். எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

ஜெர்சி துவைப்பது எப்படி என்று சொல்லப்போவதில்லை. அது மிஷின் மூடியிலேயே எழுதியிருக்கிறது. பை கட்டுவது, காலுறை ஜோடி சேர்ப்பது எல்லாம் இரண்டு ஆட்டம் போனால் கைக்கு வந்துவிடும். சுலபத்தில் வராதது ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரன் முகத்தைப் பார்ப்பது. கோச் காலைப் பார்ப்பார். டாக்டர் முட்டியைப் பார்ப்பார். கிளப் பெரியவர்கள் கோலைப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்க்க யாரும் இல்லை. அது நம் வேலை.

எனக்கு முன்னால் இந்த வேலையில் ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம். அவர் பேரன் இப்போதும் நம் கேட்டில் டிக்கெட் கிழிக்கிறான். ஒருமுறை வெளியூர் ஆட்டத்துக்குக் கீப்பரின் கையுறையை எடுத்துப் போக மறந்துவிட்டார். சொல்லப் பயம். பையைக் கிளறிக்கொண்டே இருந்தார். கீப்பர் பூட்ஸ் கட்டி, ஜெர்சி போட்டு, உட்கார்ந்து கையை நீட்டியபோதுதான் சொன்னார். எதிர் டீமிடம் இரவல் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல கையுறைதான். ஆனால் அன்று பந்தெல்லாம் எதிராளி சொன்னபடிதான் கேட்டது. "கெட்ட சேதிய அவன் உக்கார்றதுக்கு முன்னாடி சொல்லிடு. உக்காந்தப்புறம் சொன்னா எந்திரிக்க மாட்டான்" என்றார் என்னிடம். அவர் எனக்குச் சொன்ன ஒரே பாடம் அது. மிச்ச நேரமெல்லாம் தூங்கினார்.

அந்தப் பாடம் எனக்கு ஒருமுறைதான் தேவைப்பட்டது. அர்ஜெண்டினாக்காரன் விஷயத்தில்.

நிக்கோ என்று கூப்பிடுவோம். ஸ்டிரைக்கர். கோல் போடுவதற்கென்றே வந்தவன். பத்தொன்பது வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி ஐரோப்பா போனான். போர்ச்சுகலில் ஒரு கிளப் அவனை வாங்கி, பெஞ்சில் உட்கார வைத்தது. பிறகு போலந்துக்கு இரவல் கொடுத்தது. அங்கே உறைந்த திடலில் கால் பெருவிரலை உடைத்துக்கொண்டான். பிறகு சைப்ரஸ். அங்கே அவன் நன்றாக ஆடினான், கிளப் நன்றாக ஆடவில்லை. இழுத்து மூடிவிட்டார்கள். "ஐரோப்பாவுல எல்லா பெஞ்சும் எனக்குத் தெரியும், அண்ணே. போலந்து பெஞ்சுதான் ரொம்பக் குளிர்" என்பான். இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, இருபத்தேழு வயதில் மலேசியாவுக்கு, நம் பினாங்கு கிளப்புக்கு வந்து சேர்ந்தான்.

எனக்கும் அவனுக்கும் பொது பாஷை பாசார் மலாய், சந்தையில் பேசுகிற மலாய். அதை அவன் என்னிடம்தான் கற்றான். அதனால் அவன் மலாயில் கொஞ்சம் தமிழ் வாடை அடிக்கும். 'அண்ணே' மட்டும் அப்படியே தமிழ். அவன் பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

வந்த புதிதில் கோல் போட்டான். பிறகு நின்றுவிட்டது. பந்து கம்பத்தில் பட்டது. கீப்பர் முழங்காலில் பட்டது. ஒருமுறை நடுவர் முதுகில் பட்டது. காலில் குறை இல்லை, டாக்டர் பார்த்துவிட்டார். முகத்தில்தான் குறை. கரண்டு வெட்டின வீடு மாதிரி இருந்தது. பந்து காலுக்கு வந்ததும் நிறுத்துவான், சரி பண்ணுவான், இன்னும் கொஞ்சம் சரி பண்ணுவான். அதற்குள் மூன்று பேர் வந்துவிடுவார்கள்.

சீசன் முடிந்தால் கான்ட்ராக்டும் முடியும். கிளப் நீட்டப்போவதில்லை. அது அவனுக்கும் தெரியும். ஊருக்குப் போனால் அக்கா புருஷனின் டயர் கடை காத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சேதி வந்தது. போர்ச்சுகலிலிருந்து ஒரு கிளப்பின் ஆள் பாங்காக்குக்கு வேறு யாரையோ பார்க்க வருகிறார். வந்தவர் சனிக்கிழமை பினாங்குக்கும் வந்து நிக்கோவை ஒரு ஆட்டம் பார்ப்பார். பிடித்தால் மறுபடி ஐரோப்பா. பிடிக்காவிட்டால் டயர்.

அவனுடைய பழைய பூட்ஸ் அடிப்பக்கம் விரிந்து கிடந்தது. உடைந்த விரலை அழுத்தாத பூட்ஸ் ஒரே ஒரு மாடல்தான். அது இங்கே கிடைக்காது. அக்காவிடம் சொல்லி ஊரிலிருந்து வரவழைத்தான். பார்சல் அந்த வாரம்தான் வந்தது. பிரித்தால், பஞ்சுமிட்டாய் நிறம்.

புது பூட்ஸ் கடிக்கும். பழக்காமல் ஆட்டத்துக்குப் போட்டால் ஸ்டிரைக்கர் நொண்டுவான். சுடுதண்ணீரில் நனைத்த காலுறை போட்டு, வேறு யாராவது நாலு நாள் போட்டு நடந்து கொடுக்க வேண்டும். என் காலும் எட்டு, அவன் காலும் எட்டு. இரண்டு பேருக்கும் இடது கால் கொஞ்சம் பெரிது. இதைக் கண்டுபிடித்த அன்று அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஏதோ படத்தில் பார்த்தானாம்.

எனக்கு வீடு ஆயர் ஈத்தாம். பிளாட்டுக்குப் பக்கத்திலேயே பாடாங், புல் திடல். தார் ரோட்டில் நடந்தால் பூட்ஸின் முள் தேயும், அதனால் புல்லில்தான் நடப்பேன். அறுபது வயதுக்காரன் பஞ்சுமிட்டாய் பூட்ஸ் போட்டுத் தினம் சாயங்காலம் பாடாங்கைச் சுற்றினால் சனம் சும்மா இருக்குமா? "என்னாண்ணே, டிரையலுக்குப் போறீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமா, போர்ச்சுகல்ல கூப்பிட்டிருக்காங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை அன்று நடந்து முடிக்கையில் கோயில் மணி அடித்தது. பாடாங்கின் அந்த ஓரத்தில் முருகன் கோயில். வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. கால் தானாகப் போனது. படியில் பூட்ஸைக் கழற்றி வைத்தேன். உள்ளே போனேன். நிக்கோவுக்காகவும் ஒரு கும்பிடு போட்டேன். விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்தேன்.

பூட்ஸ் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு ஜோடி கறுப்பு சிலிப்பர், ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது.

வாசலில் பூ விற்கிற அக்காவுக்குத் தெரியாமல் அங்கே ஈ பறக்காது. கேட்டேன்.

"பஞ்சுமிட்டாய் கலரா? போயிருச்சே."

"யாரு போட்டுட்டுப் போனா?"

"மணியம். பேக்டரில வேலை செய்றான்ல. பாயான் பாருல பந்து ஆடுவான். ஆட்டம்னா இங்க வந்து கும்பிட்டுட்டுத்தான் போவான்." அக்கா நாரை முடிந்துகொண்டே சொன்னார். "வெளிய வந்தான். பாத்தான். திரும்ப உள்ள போயி கும்பிட்டான். அப்புறம் வந்து போட்டுக்கிட்டான். உங்களுக்கு சிலிப்பர் வச்சிட்டுத்தான் போயிருக்கான். நல்ல சிலிப்பர்ணே."

"அது என்னோடதுன்னு சொல்லக் கூடாதாக்கா?"

"அந்தக் கலரப் பாத்து உங்களுதுன்னு நான் எப்படி நினைப்பேன் லா?"

சிலிப்பரைப் போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது. அதுவும் எட்டு.

அங்கே நின்று யோசித்தேன். நானே போய் மீட்டு வந்துவிடலாம். நிக்கோவுக்குத் தெரியவே வேண்டாம். கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால்? நாளைக்கு அவன் ஆட்டத்துக்கு உட்கார்ந்து காலை நீட்டுவான். எனக்குக் கையுறைக் கதை ஞாபகம் வந்தது.

நிக்கோ எதிர் பிளாட்டில் குடியிருந்தான். மாடி ஏறிப் போனேன். அவன் ஏற்கெனவே சோபாவில் உட்கார்ந்திருந்தான். "எந்திரி" என்றேன். எழுந்தான். சொன்னேன்.

அவன் என் காலைக் குனிந்து பார்த்தான்.

"இது யாரோடது?"

"உன் பூட்ஸ் எடுத்தவனோடது."

இன்னும் கொஞ்சம் பார்த்தான். "நல்ல சிலிப்பர்" என்றான். யாருக்கும் அடையாளம் தெரியாமலிருக்க ஒரு தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மேலே ஹெல்மெட்டைப் போட்டான். என் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம்.

பாயான் பாருவில் பிளாட்டுகளுக்குப் பின்னால் ஒரு திடல். பேக்டரிக்காரர்கள் பக்கத்துக்கு ஏழு பேர் வைத்து ஆடுகிற ஆட்டம். வேலை விட்டு வருகிறவன் ஆடுவான், வேலைக்குப் போகிறவன் ஆடுவான். நம் ஸ்டேடியத்துக்கு வருகிற கூட்டத்தைவிட அங்கே கொஞ்சம் அதிகம். இதைக் கிளப்பில் யாரிடமும் சொல்லாதீர்கள். விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். பூட்ஸைத் தேட வேண்டியிருக்கவில்லை. நான் மோட்டாரை நிறுத்துவதற்குள் அது ஒரு கோல் போட்டது.

பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டார்கள். மணியத்தைக் கூப்பிட்டேன். முப்பது முப்பத்திரண்டு வயது, குட்டை, தொப்பை வேறு. என் காலைப் பார்த்தான், அவன் சிலிப்பரைக் கண்டான், முகம் செத்துவிட்டது.

"திருடலண்ணே."

"பின்ன?"

"என் பூட்ஸு போன வாரம் வாயப் பொளந்துருச்சு. முருகா, ஒரு ஜோடி குடுன்னு கேட்டுட்டு வெளிய வந்தேன். படியில இருக்கு. புதுசு. எட்டு சைஸு. நீங்களே சொல்லுங்க, நான் என்னா நினைப்பேன்?"

"வேற யாரோடதோன்னு நினைப்ப."

"நினைச்சேண்ணே. அதான் திரும்ப உள்ள போயி கேட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வேணாம்னா சொல்லியிருப்பாருல்ல?"

இதை நிக்கோவுக்கு மலாயில் அப்படியே சொன்னேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிக்கோ கணைக்கால் காப்புக்குள்ளே அவன் ஊர்ச் சாமி படம் ஒன்றை ஒட்டி வைத்திருப்பான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் மணியத்தின் காலில் இருந்த பூட்ஸைப் பார்த்தான்.

"அவன் கேட்டான். கெடச்சிருச்சு. ஆட்டத்துக்கு நடுவுல வாங்கக் கூடாது, அண்ணே. முடியட்டும்."

அவன் பக்கம் ஒரு சாமி, மணியம் பக்கம் ஒரு சாமி. நான் தனி ஆள். முடியட்டும் என்று உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் ரோட்டில் பேக்டரி பஸ் ஹார்ன் அடித்தது. எதிர் டீம் கோல்கீப்பர் கோலை விட்டு ஓடினார். கையுறையைக் கழற்றிப் புல்லில் போட்டார், ஜெர்சியோடு பஸ் ஏறினார். அங்கே இது வழக்கமாம். யாரும் கோபப்படவில்லை. அந்த டீமின் கேப்டன் ஓரத்தில் நின்றவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், தாண்டிப் போனார். நிக்கோவிடம் நின்றார். "நிக்கிறீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

நிக்கோ என்னைப் பார்த்தான்.

தம்பிகளா, நம் வேலையில் முடிவெடுக்கிற நேரம் என்பது இவ்வளவுதான். ஒரு ஆள் நம் முகத்தைப் பார்க்கிற நேரம். நாளைக்குப் போர்ச்சுகல்காரர் வருகிறார். இன்றைக்கு இந்தத் திடலில் இவன் கணுக்கால் புரண்டால், இவன் டயர் கடைக்குப் போவான், நானும் கூடவே காற்றடிக்கப் போக வேண்டியதுதான். கோச்சுக்குத் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். வேண்டாம் என்று சொல்வதுதான் சரி. ஆனால் அவன் முகத்தில் கரண்டு லேசாக வந்து வந்து போனது. வேண்டாம் என்றால் நாளைக்கு நல்ல கணுக்காலோடும் செத்த முகத்தோடும் ஆடுவான்.

"கோல்கீப்பர் மட்டும். விழுந்து புடிக்கக் கூடாது" என்றேன்.

தொப்பியை இன்னும் இறக்கிக்கொண்டு போய் நின்றான். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"டேய், இவன் நம்ம கிளப்பு ஸ்டிரைக்கர் மாதிரி இல்ல?"

"அவன் எதுக்கு இங்க கோல்ல நிக்கிறான்?"

"கோல் எங்க இருக்குன்னு பாத்து வச்சிக்கத்தான்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்திருப்பேன்.

மணியத்துக்குப் பந்து வந்தது. நிறுத்தவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பஞ்சுமிட்டாய் நுனியால் ஒரு குத்து. பார்க்க அசிங்கமான அடி. சின்னப் பிள்ளைகள் டப்பாவை உதைக்கிற அடி. நிக்கோ கையைத் தூக்குவதற்குள் பந்து உள்ளே. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே அடி, அதே மூலை. இந்த முறை வருவது தெரிந்தும் பிடிக்க முடியவில்லை. பந்தை எடுக்கக் குனிந்தவன் நிமிரவே இல்லை. அடிபட்டுவிட்டதோ என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தான். தன் அக்கா வாங்கித் தந்த பூட்ஸ் தனக்கே இரண்டு கோல் போட்டதை நினைத்துச் சிரிக்கிறான். பல வாரம் கழித்து அன்றுதான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் நிக்கோ மணியத்திடம் மலாயில் கேட்டான். ஏன் பந்தை நிறுத்துவதில்லை? நிறுத்தி, பார்த்து அடித்தால் இன்னும் நன்றாக இருக்குமே?

மணியம் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான். "நிப்பாட்டி அழகு பாக்க எனக்கு எங்கண்ணே நேரம்? அடுத்த பஸ்ல நான் ஏறணும்."

நான் மொழிபெயர்த்தேன். நிக்கோ சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

மணியம் புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். மண்ணைத் தன் ஜெர்சியால் துடைத்தான். நிக்கோ கையில் கொடுத்தான். "ஒரு ஆட்டத்துக்குத்தான் குடுத்திருக்காரு போல" என்றான். நான் சிலிப்பரைக் கழற்றிக் கொடுத்தேன். அவன் பஸ் பிடிக்க ஓடினான். நான் வெறுங்காலோடு மோட்டார் ஓட்டி வந்தேன்.

பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. நான் நாலு நாள் நடந்து முடிக்காததை மணியம் ஒரு ஆட்டத்தில் முடித்துவிட்டான்.

மறுநாள் மழை. போர்ச்சுகல்காரர் மேலே உட்கார்ந்திருந்தார். முதல் பாதி முழுக்க நிக்கோவுக்கு நல்ல பந்தே வரவில்லை. நான் துண்டு மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர். பந்து நாலு பேர் காலில் பட்டு உருண்டு அவனிடம் வந்தது. பழைய நிக்கோ என்றால் நிறுத்தியிருப்பான். அவன் நிறுத்தவில்லை. நிமிரவும் இல்லை. நுனியால் ஒரு குத்து.

ஸ்டேடியமே நிக்கோ நிக்கோ என்று கத்தியது. கோலுக்குப் பின்னால் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "என் பூட்ஸுடா அது!" மணியம். நிக்கோதான் டிக்கெட் கொடுத்து அவனை வரச் சொல்லியிருந்தான்.

கோச் என் பக்கம் திரும்பி, இந்த அசிங்கமான அடியை யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். நான் துண்டை மடித்தேன். அவர் இதைப் படித்தால், வணக்கம் கோச்.

ஆட்டம் முடிந்து போர்ச்சுகல்காரரும் கீழே வந்தார். அவருக்கும் அதே சந்தேகம். இப்படி யோசிக்காமல் அடிப்பதை எங்கே பழகினாய் என்று கேட்டாராம். நிக்கோ முகத்தை மாற்றாமல், "பாயான் பாரு" என்றிருக்கிறான். அவர் ரொம்பத் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டினாராம்.

சீசன் முடிந்ததும் நிக்கோ போர்ச்சுகல் போனான். அங்கே பெஞ்சில் உட்காரவில்லை. பிறகு கிரீஸில் ஒரு கிளப் வாங்கியது. இப்போதும் அங்கேதான் ஆடுகிறான், கோல் போடுகிறான். பழைய விரிந்த பூட்ஸைப் போகும்போது என்னிடம் கொடுத்து, தைத்து மணியத்திடம் சேர்க்கச் சொன்னான். சேர்த்தேன். முருகன் தாமதமாகக் கொடுத்தாலும் கொடுத்துவிடுவார் என்று மணியம் எல்லோரிடமும் சொல்கிறான். தைத்தது நான்.

இதில் பாடம் என்ன என்று கேட்பீர்கள். பூட்ஸைத் தொலைக்காதே என்பது பாடம் இல்லை. என்றைக்காவது எதையாவது தொலைக்கத்தான் போகிறீர்கள். தொலைந்ததும் போய்ச் சொல்லுங்கள். அவன் உட்கார்ந்திருந்தால் எழுப்பிச் சொல்லுங்கள். பிறகு அவனையே கூட்டிக்கொண்டு தேடப் போங்கள். தேடுகிற இடத்தில் சில சமயம் பூட்ஸோடு வேறு ஏதாவதும் கிடைக்கும்.

அவ்வளவுதான். நான் எழுத ஒத்துக்கொண்டதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது.

ஒவ்வொரு சீசனும் தொடங்குவதற்கு முன்னால் ஆயர் ஈத்தாமுக்கு ஒரு பார்சல் வரும். ஐரோப்பாவில் ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் இடது கால் கொஞ்சம் பெரிதான எட்டு சைஸ் அவனுக்கு அங்கே கிடைக்கவில்லையாம். நான் பாடாங்கில் நடந்து பழக்கித் திருப்பி அனுப்புவேன். அவன் டிவியில் கோல் போட்டால் மறுநாள் தேத்தண்ணிக் கடையில் எனக்கு மரியாதை நடக்கும். பார்சலில் பூட்ஸோடு ஒரு ஜோடி சிலிப்பரும் எப்போதும் இருக்கும். எதற்கு என்று அவன் எழுதுவதில்லை.

இந்த வருஷப் பார்சல் வந்துவிட்டது. இந்த முறை பச்சைக்கிளி நிறம். என் முட்டி வீங்கிக் கிடக்கிறது, மாடி இறங்கவே சுவரைப் பிடிக்கிறேன். மணியத்திடம் கேட்கலாம்தான். ஆனால் திருப்பித் தர வேண்டுமா என்பதை அவன் மறுபடி கோயிலுக்குள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவான்.

அதனால் கேட்கிறேன். உங்களில் யாருக்குக் கால் எட்டு? இடது கால் கொஞ்சம் பெரிதாக இருக்கிறவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா. நடந்து முடித்ததும் கோயிலுக்குப் போவோம். சிலிப்பர் நான் தருகிறேன்.